‘சர்க்கரை இல்லாத’ கருப்பட்டியா? உண்மை விளக்கம்

“வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் கருப்பட்டியில் சர்க்கரையே இல்லை, நீரிழிவு உள்ளவர்கள் எவ்வளவும் சாப்பிடலாம்” என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

பதநீரைக் காய்ச்சும்போது ஆவியாவது தண்ணீர்தான். இனிப்பு அப்படியே சுண்டித் தங்கிவிடுகிறது. ஏறக்குறைய 8 லிட்டர் சுண்டினால் 1 கிலோ கருப்பட்டி. அதில் முக்கால் பங்குக்கு மேல் சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். தாதுக்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு தேக்கரண்டியில் அவை மிகச் சொற்பம். இரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

‘சர்க்கரை இல்லாதது’ என்று அச்சிட, கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தரநிலை) விதிப்படி 100 கிராமில் 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக்கூடாது. ‘இயற்கை இனிப்பு’ என்ற சொல் வேறு, இரண்டும் ஒன்றல்ல. சந்தேகமிருந்தால் பொட்டலத்தின் பின்புறம் ஊட்டச்சத்து அட்டவணையில் ‘மொத்தச் சர்க்கரை’ வரியைப் பாருங்கள். அந்தச் செய்தி வந்தால் மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.