போயானாவில் பத்து நிமிடம்

பல்கேரியத் தலைநகர் சோபியா பற்றிய உங்கள் பயணக் கட்டுரையில் போயானா தேவாலயத்தை ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே, மனசு கேட்கவில்லை. விட்டோஷா மலையடிவாரத்தில், மரங்களுக்கு நடுவே சின்னக் கட்டடம்தான். ஓவியங்கள் கெட்டுவிடக் கூடாதென்று சில பேரை மட்டும், அதுவும் பத்து நிமிடம்தான் உள்ளே விட்டார்கள். படம் எடுக்க அனுமதியில்லை. அதுவும் நல்லதுக்குத்தான், கண் வேறெங்கும் போகவில்லை.

1259-இல் தீட்டிய சுவரோவியங்கள். இத்தாலியில் புகழ்பெற்ற ஓவியர் ஜொட்டோ பதுவா நகரத் தேவாலயத்தில் வரையத் தொடங்குவதற்கு 40 ஆண்டுகளுக்கும் முன்பு! ஓவியத்தில், தேவாலயத்தின் கொடையாளர் கலோயன் இதே தேவாலயத்தின் சிறிய வடிவத்தைக் கையில் ஏந்தி நிற்கிறார். பக்கத்தில் அவர் மனைவி தெசிஸ்லாவா, மேலங்கியின் நாடாவை விரல்களால் லேசாகப் பிடித்தபடி. அந்த முகத்தில் அப்படி ஓர் உயிர்! அப்புறம் வேறு எதையும் நான் சரியாகப் பார்க்கவே இல்லை. அவர் முன்னாலேயே நின்றுவிட்டேன். மறுபடி சோபியா போனால் தயவுசெய்து இதற்கென்று ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள்.