ஒத்திகை பார்ப்பது வேலை இல்லையாம்

"ரீச்சர், சின்னதா ஒரு நாடகம் போடுவமே" என்று யாராவது வாயைத் திறந்தாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சின்ன நாடகமாம்! பத்து நிமிடத்துக்கும் எழுத்துப்பிரதி வேண்டும், பிள்ளைகளை ஒரே நேரத்தில் ஓரிடத்தில் பிடித்து வைக்க வேண்டும், உடுப்பு வேண்டும், மத்தளம் வேண்டும், கடைசி நேரத்தில் அம்மை வந்து படுக்கும் கதாநாயகனுக்கு மாற்று ஆளும் வேண்டும். கேட்பவருக்கு ஒரு வசனம். எனக்கு ஒரு மாதம் போகிறது.

மட்டக்களப்புப் பக்கம் ஓர் அரச பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் என்று இருக்கும் அழகியல் பாடங்களில் ஒன்றைப் பிள்ளை தெரிவு செய்து சாதாரண தரம் வரை படிக்கும். உயர்தரத்திலும் இது ஒரு பாடம். எழுத்துப் பரீட்சை இருக்கிறது, செயன்முறைப் பரீட்சை இருக்கிறது, பாடத்திட்டத்தை முடித்தாயா என்று கேட்க வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆளும் வருகிறார். ஆனால் பாடசாலையைக் கேட்டால் நான் விழா நடத்துகிற ஆள். வகுப்பெடுப்பது ஏதோ என் பொழுதுபோக்கு மாதிரி.

வருடம் பிறந்தால் பொங்கல் விழா. அப்புறம் பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் மெய்வல்லுநர் போட்டி. அதற்கும் நாடகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். "உங்களுக்குக் கைவேலை வரும்தானே" என்று இல்லம் சோடிக்க என்னைத்தான் தள்ளிவிடுவார்கள். பிறகு தமிழ்த் தினப் போட்டி, பரிசளிப்பு விழா, நவராத்திரிக்கு வாணி விழா, நத்தாருக்கு ஒளி விழா. இடையில் சுகாதாரப் பரிசோதகர் வந்து டெங்குக்கு ஒரு வீதி நாடகம் கேட்பார், பொலிசார் போதைப்பொருளுக்கு ஒன்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, ஒக்டோபர் 6ஆம் திகதி ஆசிரியர் தினம். ஆசிரியர்களைப் போற்றிப் பிள்ளைகள் போடும் நாடகத்தை எழுதிப் பழக்குவதும் அடியேன்தான். என் புகழை நானே எழுதி, பழக்கி, முன்வரிசையில் இருந்து ஆச்சரியப்பட்ட மாதிரி முகத்தையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்த் தினப் போட்டியில் தோற்றால் பிழைத்தோம். வென்றால்தான் சனி பிடிக்கும். கோட்டம், வலயம், மாவட்டம், மாகாணம், தேசியம் என்று ஒவ்வொரு படிக்கும் மறுபடி ஒத்திகை. ஒன்றரைக்கு மணி அடித்தால் மற்ற ஆசிரியர்கள் மோட்டார் சைக்கிளை எடுப்பார்கள். நான் மண்டபத்துத் திறப்பை எடுப்பேன். காலையில் சாப்பிட்டதோ இல்லையோ என்று தெரியாத பிள்ளைகள், இரண்டு மணி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே வடமோடிக் கூத்து ஆட்டம் மிதிக்கிறார்கள். பணிசும் பிளேன்ரீயும் வாங்கிக் கொடுக்காமல் ஆடச் சொல்ல எனக்கு மனம் வராது. அந்தக் காசு யாருடையது? பஸ்ஸைத் தவறவிட்ட பெண்பிள்ளையை வீட்டில் கொண்டுபோய் விடும் ஓட்டோக் காசு? என் கைப்பையைக் கேளுங்கள், சொல்லும்.

உடுப்புக் கதை இதைவிட மோசம். கூத்தில் அரசனுக்குப் போடும் கரப்புடுப்பும் கிரீடமும் வாடகைக்கு எடுக்க வேண்டும், முற்பணம் கட்டினால்தான் தருவார்கள். பாடசாலைக் காசோ போட்டி முடிந்த பிறகுதான் வரும், அதுவும் பற்றுச்சீட்டுக் காட்டினால். கடைசியாக மத்தளம் அடிக்க வந்த, கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்குக் கொடுத்த காசுக்கும் பற்றுச்சீட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள். போய்க் கேட்டேன். மனுசன் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, "அதெல்லாம் எனக்கு எழுதத் தெரியா மகள், நீயே எழுதிக்கொள்" என்றார். நானே எழுதினால் மோசடி, எழுதாவிட்டால் காசு இல்லை. பேசாமல் விட்டுவிட்டேன். கிண்ணம் வந்த அன்று மட்டும் அதிபர் முதல் அபிவிருத்திச் சங்கத்தார் வரை படத்தில் நிற்கிறார்கள்.

சரி, சம்பளம்தான் எடுக்கிறீர்களே என்பார்கள். மற்ற அரச சேவைகளோடு ஒப்பிட்டால் எங்களுக்குக் குறைகிற தொகையைத்தான் ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாடு என்கிறோம், அது 1997இல் தொடங்கிய விவகாரம். 2021இல் மாதக்கணக்கில் இணையவழிக் கற்பித்தலை நிறுத்திப் போராடி, கடைசியில் கிடைத்தது முரண்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு. மிச்சத்தைக் கேட்டு 2024 ஜூன் 26ஆம் திகதி கொழும்புக்குப் போன ஆசிரியர்களுக்குக் கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீச்சும் கொடுத்தார்கள். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ஆகிறது என்று மேளம் அடித்தார்கள். அதற்குள்ளே ஏற்கெனவே கொடுத்துவந்த 7,500 ரூபாக் கொடுப்பனவையும் போட்டுக் கரைத்து, உயர்வையும் 2027 ஜனவரி வரை மூன்று தவணையாக இழுத்திருக்கிறார்கள். கடைக்காரன் மட்டும் சீனி விலையைத் தவணையில் கூட்டுவதில்லை.

கணித ஆசிரியருக்கு இதே சம்பளம்தான். ஒன்றரைக்குப் பிறகு அவர் ரியூசன் வகுப்புக்குப் போகிறார், அங்கே அந்த நேரத்துக்கு விலை உண்டு. அவரில் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். என் கேள்வி, அதே ஒன்றரைக்குப் பிறகு அதே பிள்ளைகளோடு நான் நிற்கும் நேரம் ஏன் எந்தக் கணக்கிலும் இல்லை என்பதுதான்.

கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும். "கலை என்றால் சேவை ரீச்சர். வித்தியானந்தன் எல்லாம் காசு பார்த்தா கூத்தை வளர்த்தார்?" ஐயா, 1960களில் பேராதனையில் கூத்தை மேடையேற்றியபோது வித்தியானந்தன் அங்கே சம்பளம் வாங்கிய பல்கலைக்கழக ஆசிரியர். அவரிடம் ஆடிய, பின்னாளில் பேராசிரியரான மௌனகுரு அப்போது அங்கே மாணவர். பெரியவர்களின் பெயரை என் வாயை அடைக்கும் துணியாக்காதீர்கள். செத்தாலும் எங்கள் கிழக்கின் துறவி, தமிழறிஞர் சுவாமி விபுலாநந்தர் பெயர் இதற்குள் வரக்கூடாது என்று நினைத்திருந்தேன். போன கூட்டத்தில் அதுவும் வந்துவிட்டது.

அடுத்த நேரசூசி போடும்போது ஒத்திகையை நாலு பாடவேளையாகப் போடுங்கள். யாராவது லீவு எடுத்தால் அந்த வகுப்புக்கும் என்னையே அனுப்புவதை அந்த மாதங்களிலாவது நிறுத்துங்கள். உடுப்புக்கும் வானுக்கும் பணிசுக்கும் காசைப் போட்டிக்குப் போகுமுன் கையில் தாருங்கள், அண்ணாவியாரிடம் பற்றுச்சீட்டுக் கேட்காமல். இதில் ஒன்றும் முடியாதென்றால் வரும் ஒளி விழாவுக்கு வேறு ஆள் பாருங்கள். அன்று எனக்கு எட்டாம் வகுப்பில் பாடம் இருக்கிறது.