ட்ரஸ் ராடு கம்பியை இறக்க அல்ல
"புது கிட்டார்ல கம்பி உயரமா இருந்தா ட்ரஸ் ராடைத் திருகினா போதும்"னு சிலர் சொல்வது தவறு. யாரும் தயவுசெய்து செய்யாதீங்க. அந்த ராடு கிட்டார் கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டு; கழுத்தின் வளைவைச் சரிசெய்ய மட்டும்தான். ஆறாவது கம்பியை (தடித்தது) 1, 14 ஆகிய ஃப்ரெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) ஒரே நேரத்தில் அழுத்துங்க. அவற்றின் நடுவே உள்ள ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, சுமார் 0.25 மி.மீ. இடைவெளி இருந்தால் கழுத்து சரி. அதற்கு மேல் இறுக்கினால் முதல் நாலைந்து ஃப்ரெட்டில் கம்பி உரசி இரையும், ராடே முறியவும் கூடும்.

உயரத்தைக் குறைக்க சாடிலைத்தான் (உடல்பகுதியில் கம்பிகள் ஏறி உட்காரும் சிறு துண்டு) தேய்க்கணும். 12ஆவது ஃப்ரெட்டில் 1 மி.மீ. இறங்க, சாடிலின் அடியில் 2 மி.மீ. போகணும். தஞ்சாவூரோ கும்பகோணமோ, கடையில் பணம் கட்டும் முன்பே இதைச் செய்து தரச் சொல்லுங்க: 12ஆவது ஃப்ரெட்டில் உயரம் ஆறாவது கம்பிக்கு 2.5, முதல் கம்பிக்கு (மெல்லியது) 2 மி.மீ. ஐப்பசி அடைமழையில் மரம் ஈரம் குடித்து மேல்பலகை உப்பும், கம்பியும் ஏறும். அப்போ அவசரப்பட்டுத் தேய்த்தால் சித்திரையில் இரையும்.