பல் செட் செட் ஆகவில்லை

(திண்ணையில் தாத்தா. எதிரே ஒரு தட்டு முறுக்கு. கல்லூரி ஆசிரியர் ஆவதற்கான செட் தேர்வுப் புத்தகத்தோடு பேத்தி வருகிறாள்.)

பேத்தி: என்ன தாத்தா, முறுக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள்?

தாத்தா: பல் செட் இன்னும் செட் ஆகவில்லை கண்ணு.

பேத்தி: ஒரே மூச்சில் ரெண்டு செட்! ஆக்ஸ்போர்டு அகராதியின் 1989ஆம் வருடப் பதிப்பில் வினைச்சொல்லான செட்டுக்கு மட்டும் 430 பொருள் இருக்கிறது, தெரியுமா?

தாத்தா: எனக்கு ரெண்டு பொருளே தாங்கவில்லை. காலையில் பம்பு செட்டுக்குப் போனேனா, உன் சித்தப்பன் அங்கே புதிதாகக் காங்கிரீட் போட்டு வைத்திருக்கிறான். தூரத்திலிருந்து, "அப்பா, இன்னும் செட் ஆகலை!" என்று கத்தினான். பல்லைத்தான் விசாரிக்கிறான் என்று, "ஆமாண்டா, கீழ்வரிசை ஆடுது" என்று சொல்லிக்கொண்டே நாலு எட்டு நடந்துவிட்டேன்.

பேத்தி: ஐயையோ, அப்புறம்?

தாத்தா: அப்புறம் என்ன, செருப்பு செட் ஆகிவிட்டது. நான் மட்டும் வந்துவிட்டேன்.

பேத்தி: (சிரித்து) அப்பாவும் ஒரு செட் சேர்த்துக்கொண்டு ரம்மி ஆடுவாராமே?

தாத்தா: ஆடினான், ஆடினான். அந்த செட்டோடு உட்கார்ந்து ஒரு செட்கூடச் சேர்க்கத் தெரியாது அவனுக்கு. மூணு ராஜா கையில் இருந்தால் ஒன்றைக் கீழே போடுவான்.

பேத்தி: டென்னிஸிலும் செட் உண்டு தாத்தா. 2010 விம்பிள்டனில் இஸ்னரும் மஹுவும் ஆடிய ஐந்தாவது செட் 70-68 என்று முடிந்தது. அது ஒன்றுக்கே எட்டு மணி நேரத்துக்கு மேல்!

தாத்தா: எட்டு மணி நேரம்தானே? பல் டாக்டர் எனக்கு ரெண்டு நாள் என்றார். இன்றோடு இருபது நாள். சரி, அதை விடு. பக்கத்து வீட்டு அம்மா உன்னை ரொம்ப அக்கறையாக விசாரித்தாள். "பேத்திக்கு செட் ஆயிடுச்சா?" என்றாள்.

பேத்தி: என்ன சொன்னீர்கள்?

தாத்தா: "ரெண்டு தடவை ஆச்சும்மா, கொஞ்சத்தில் போய்விட்டது. மூணாவதை விடமாட்டாள், ராத்திரி பகலாக அதே நினைப்புதான்" என்றேன்.

பேத்தி: தாத்தா! அவர் கேட்டது பரீட்சையை இல்லை, மாப்பிள்ளையை!

தாத்தா: அடடா, அதனால்தான் அந்த அம்மா நெஞ்சில் கை வைத்து, "அந்த ரெண்டு பேரும் இப்போ எங்கே?" என்று கேட்டாளா!