முதல் மூன்று வாரம் கணக்குக்கு நோட்டு வேண்டாம்

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒரு தங்கச்சி முந்தாநாள் ராத்திரி கூப்பிட்டாள். "அக்கா, ஒண்ணும் ரெண்டும் எனக்குத்தான் குடுத்திருக்காங்க. ஜூன் முதல் வாரத்துக்குக் கணக்குல டீச்சிங் மேனுவல் என்னன்னு எழுதட்டும்?" டீச்சிங் மேனுவல் என்றால் பாடம் எடுக்குமுன் ஆசிரியர் எழுதிவைக்கிற பாடக்குறிப்பு. போனில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிகிற காரியம் இல்லை. சித்தூர் தாலுகாவில் தமிழ்வழி வகுப்பு எடுக்கிற மற்றவர்களும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

தங்கச்சி, பதில் இதுதான். ஒன்று, இரண்டு வகுப்புகளுக்கு முதல் மூன்று வாரம் கணக்கு நேரத்தில் நோட்டைத் திறக்கச் சொல்லாதே. வாய், காது, கை போதும்.

இது எனக்கே ஒரு நெருக்கடியில் கிடைத்த பாடம். ஒரு வருடம் தமிழ்வழிப் புத்தகம் பள்ளி திறந்து வெகுநாள் ஆகியும் எங்கள் கைக்கு வரவில்லை. மலையாள வகுப்புப் பிள்ளைகள் புதுப் புத்தகத்தை மோந்து பார்த்துக்கொண்டிருக்க, என் பிள்ளைகள் வெறும் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். மனசு கொதித்தது. வேறு வழியில்லாமல் வீட்டிலிருந்து ஒரு டப்பா புளியங்கொட்டையும், விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சியும் கொண்டுபோனேன். அந்த மூன்று வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கு முந்தைய வருடங்களில் ஓணத்தையொட்டி வரும் முதல் பருவப் பரீட்சை வரைக்கும்கூடத் தெரிந்ததில்லை. அடுத்த வருடம் புத்தகம் நேரத்துக்கு வந்தது. ஆனாலும் மூன்று வாரம் அலமாரியிலேயே வைத்திருந்தேன்.

ரெண்டாம் வகுப்பில் ஒரு பையன். அப்பா தமிழ், அம்மா மலையாளம். துண்டுத்தாளில் கழித்தல் கொடுத்தால் ஒன்றும் எழுதாமல் அப்படியே திருப்பித் தருவான். ஒருநாள் முன்னால் எட்டுக் கொட்டையை வைத்து, "எட்டுல மூணைக் கழி கண்ணு" என்றேன். மூன்று கொட்டையை எடுத்து வாயருகே கொண்டுபோய் மெல்லுவதுபோலப் பாவனை செய்துவிட்டு மடியில் போட்டுக்கொண்டான். "கழிச்சு டீச்சரே. அஞ்சு பாக்கி."

மலையாளத்தில் கழிக்குக என்றால் சாப்பிடுவது. "சோறு கழிச்சோ?" என்று அவன் அம்மா தினமும் கேட்கிற சொல். நான் கழி என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அவன் காதில் தின்னு என்றுதான் விழுந்திருக்கிறது. தாளில் இருக்கிற எட்டை எப்படித் தின்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான். கணக்கு அவனுக்குத் தெரியும். அன்றைக்கு நான் வாயால் கேட்டுக் கையில் கொடுத்திராவிட்டால், கழித்தல் வராத பிள்ளை என்று பதிவேட்டில் எழுதியிருப்பேன்.

எல்லையில் பாடம் எடுக்கிற நாம் இந்த இடத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நம் பிள்ளைகளின் கணக்குச் சொற்கள் ஒரே வீட்டிலிருந்து வருவதில்லை. இன்னொன்று சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் அதிகம் என்பதற்குக் கூடுதல் என்போம். "இவகிட்ட எட்டு, அவன்கிட்ட அஞ்சு. இவகிட்ட எவ்வளவு கூடுதல்?" என்று கேட்டுப் பார். பாதிப் பேர் பதிமூன்று என்பார்கள். கூடுதல் என்றதும் கூட்டு என்று கேட்டுவிடுகிறது. ஒப்பிட்டு எத்தனை அதிகம் என்று கேட்கிற கணக்கு எந்த நாட்டுப் பிள்ளைக்கும் கடினம்தான். நம்மிடத்தில் சொல்லும் சேர்ந்து காலை வாருகிறது. அதனால் முதலில் இரண்டு வரிசையாகக் கொட்டையை அடுக்கி, ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேர்க்கச் சொல்லி, ஜோடி கிடைக்காமல் நிற்கிறவற்றைத் தொடச் சொல். "எத்தனை ஜோடி இல்லாம நிக்குது?" என்று கேட்டால் மூன்று என்று பளிச்சென்று சொல்வார்கள். கூடுதல் என்ற சொல்லை அதற்கப்புறம் அதன் மேல் ஒட்டலாம்.

முதல் வாரத்துக்கு வருகிறேன். கேரளத்தில் ஆறாம் வேலைநாள் கணக்கு எடுப்பது உனக்கு இந்த வருடம்தான் அனுபவப்படும். அன்றைக்கு இருக்கிற பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் ஒரு வகுப்புக்கு எத்தனை பிரிவு, அதாவது டிவிஷன், என்று முடிவாகும். டிவிஷன் போனால் ஆசிரியர் பணியிடமும் போகும். முதல் ஐந்து நாளும் பள்ளிக்கூடத்துப் பெரியவர்கள் எல்லாரும் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பதற்றம் எனக்குப் புரியும், என் வேலையும் அதில்தான் நிற்கிறது. ஆனால் அதே ஐந்து நாளில் பிள்ளைகள் எண்ணுவதை நீ கேட்க வேண்டும்.

ஒரு நாளைக்கு நான்கைந்து பேர் போதும். மற்றவர்கள் படம் வரையட்டும். ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்காரவைத்து இருபது கொட்டையைக் கொடு. எத்தனை வரை தப்பில்லாமல் சொல்கிறாள் என்று மட்டும் பார்க்காதே. ஒரு கொட்டைக்கு ஒரு சொல் போகிறதா, விரல் ஓரிடத்திலும் வாய் வேறிடத்திலும் ஓடுகிறதா என்று பார். எண்ணி முடித்ததும், "மொத்தம் எத்தனை கண்ணு?" என்று கேள். மறுபடியும் ஒன்று, இரண்டு என்று தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. நூறு வரை பாட்டுப் போல ஒப்பிக்கிற பிள்ளையும் இதில் தடுமாறும். கெல்மன், கேலிஸ்டல் என்ற இருவர் 1978இல் எண்ணுவதற்குள் இருக்கும் ஐந்து அறிவுகளைப் பிரித்துக் காட்டினார்கள். இது அதில் ஒன்று. கலைத்துப் போட்டு எங்கிருந்து எண்ணினாலும் எண்ணிக்கை மாறாது என்பது இன்னொன்று. அதையும் சோதித்துப் பார். தப்பானால் அப்போதே திருத்தாதே. குறித்து மட்டும் வை.

(ஒன்றாம் வகுப்பில் கொட்டையை மூக்கில் போட்டுக்கொள்வார்கள். எண்ணிக் கொடு, எண்ணித் திரும்ப வாங்கு. வாங்குகிற நேரத்தில், "இருவது குடுத்தேன், பத்தொம்பதுதான் வந்திருக்கு" என்று சொல்வதே ஒரு பாடம்.)

எண்ணின் பெயர்களுக்கு நேரம் ஒதுக்கு. வீட்டில் எல்லாருக்கும் ஒன், டூ, த்ரீ வேண்டும். ஆங்கிலத்தில் எண் சொன்னால்தான் படிப்பு வருகிறது என்று அம்மாக்கள் சந்தோஷப்படுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் தமிழ் எண்ணுப் பெயர்கள் நமக்கு எத்தனை பெரிய உதவி என்று பார். ஃபோர்ட்டீன் என்று கேட்கிற பிள்ளைக்கு முதலில் காதில் விழுவது நாலு. அதனால் 41 என்று எழுதும். தர்ட்டீனும் தர்ட்டியும் ஒன்றுபோலவே கேட்கும். பதினாலு என்று சொல்லும்போது பத்து முன்னால், நாலு பின்னால். எழுதுகிற வரிசையே சொல்கிற வரிசை. இருபது, முப்பது என்ற சொல்லுக்குள்ளேயே இரண்டு பத்தும் மூன்று பத்தும் உட்கார்ந்திருக்கின்றன. இப்படிக் கையில் வெண்ணெய் இருக்கும்போது நெய்க்கு ஏன் அலைய வேண்டும்?

தமிழ் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. எண்பத்தொன்பது வரை சரியாக ஏறி வந்த பிள்ளை, தொண்ணூறில் நிற்கும். அதற்குள் நூறு கேட்கிறது. தொண்ணூற்றொன்று எழுதச் சொன்னதற்கு 101 என்று எழுதிய சிறுமி என்னிடம் படித்தாள். அவள் காதில் விழுந்ததைத்தான் எழுதினாள். ஒன்பதும் பத்தும் சேர்ந்து தொண்ணூறு ஆவதற்குத் தொல்காப்பியத்திலேயே தனி விதி இருக்கிறது. அவ்வளவு பழைய வழுக்கல். மலையாளத்திலும் இதே கதைதான். வீட்டில் தெலுங்கு பேசுகிற நம் பிள்ளைகளுக்கு மட்டும் இது எளிது. அவர்களுக்கு ஒன்பது தொம்மிதி, தொண்ணூறு தொம்பை. இரண்டும் ஒரே மாதிரி தொடங்குகின்றன. அப்படி ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தால் எழுப்பிச் சொல்லச் சொல். தன் வீட்டுப் பேச்சுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை இருக்கிறது என்று அந்தக் குழந்தையின் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வாரம் முழுக்கப் பத்து. வேறொன்றும் வேண்டாம். ஈர்க்குச்சியை ஒரே நீளமாக உடைத்து வைத்துக்கொள். பத்து சேர்ந்தால் ரப்பர் பேண்ட். அதை ஒரு கட்டு என்று சொல்ல விடாதே, "ஒரு பத்து" என்றே சொல்லப் பழக்கு. பள்ளி திறந்த நாளிலிருந்து தினமும் காலையில் ஒரு குச்சியை டம்ளரில் போடச் சொல். பத்தாவது வேலைநாள் அன்றைக்கு அதைக் கட்டுகிற உரிமைக்கு அடிதடியே நடக்கும். ஜூனில் மேற்கே மழை கொட்டும், நமக்கு இங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மட்டும்தான் அடிக்கும், ஆனாலும் மாவட்டம் முழுக்க விடுமுறை விடுவார்கள். மறுநாள் வந்ததும், "நேத்துக்குக் குச்சி போடலாமா, கூடாதா?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நில். என் வகுப்பில் ஒரு மணிநேரம் வாதம் நடந்தது. பள்ளிக்கூடம் திறந்த நாளைத்தான் எண்ணுகிறோம், காலண்டர் நாளை அல்ல என்று அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். எதை எண்ணுகிறோம் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும் என்பதை நான் சொல்லித்தரவே இல்லை.

பல்லாங்குழியைக் கண்டிப்பாகச் சேர்த்துக்கொள். பலகை இல்லாவிட்டால் மண்ணில் பதினான்கு குழி தோண்டினால் ஆயிற்று. குழிக்கு ஐந்து வீதம் எழுபது கொட்டை. நம் பக்கத்து ஆட்டத்தில் குழியில் நாலு சேர்ந்தால் பசு என்று எடுத்துக்கொள்வோம். ஆடுகிற பிள்ளை அந்த நாலை எண்ணுவதில்லை, கண்டதும் "பசு!" என்று கத்துகிறது. மூன்று, நான்கு வரை எண்ணாமலே பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிற திறன் மனிதருக்கு இயல்பாகவே உண்டு. அதற்கு மேல் போனால் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏழை நாலும் மூன்றுமாகப் பார்க்கிற பிள்ளைக்குக் கூட்டல் பாதி வந்துவிட்டது. பாட்டிமார் திண்ணையில் நடத்திக்கொண்டிருந்த வகுப்பு இது. நம் தலைமுறையில் அதைத் தொலைத்துவிட்டோம் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

மூன்றாவது வாரம் சமம். உடுப்பு மாட்டுகிற ஹேங்கரில் இரண்டு பக்கமும் சிரட்டை கட்டித் தொங்கவிட்டால் தராசு. இதற்குப் புளியங்கொட்டை ஆகாது, ஒவ்வொன்றும் ஒரு எடை. கோலிக்குண்டு வாங்கிக்கொள். ஒரு பக்கம் ஐந்தும் மூன்றும், மறுபக்கம் ஆறு. இன்னும் எத்தனை போட்டால் நேராகும்? பின்னால் 8 + 4 = ▢ + 5 என்று எழுதினால் கட்டத்தில் 12 என்று போடாத பிள்ளையாக வளர இந்த வாரம் உதவும். சமக்குறி என்றால் விடை வரும் இடம் என்று நினைத்துக்கொள்கிற பழக்கம் நோட்டில்தான் தொடங்குகிறது.

உன்னிடம் கேள்வி வரும். எனக்கும் வந்தது. பள்ளியைப் பார்வையிட வந்த ஒருவர் இரண்டாம் வாரத்தில் நோட்டைக் கேட்டார். ஒன்றும் இல்லை என்றதும், "பிள்ளைங்க விளையாடிட்டு இருக்காங்க" என்று என் முன்னாலேயே எழுதிக்கொண்டு போனார். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. போர்ஷன் பின்தங்குமோ என்ற பயமும் இருந்தது. பின்தங்கவில்லை. ஜூலையில் நோட்டைத் திறந்தபோது இரண்டு நாளில் ஓடுகிற பாடத்துக்கு முன்பெல்லாம் எனக்கு ஒரு வாரம் ஆகும்.

தாளுக்கும் தலைக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரு ஆய்வைச் சொல்லி வை, யாராவது கேட்டால். 1985இல் வெளியானது. பிரேசிலில் ரெசிஃபே நகரத்தில் தெருவில் வியாபாரம் செய்கிற ஐந்து பிள்ளைகள். விற்கிற இடத்தில் வாங்குகிறவர்களைப் போலப் போய்க் கேட்டபோது 100க்கு 98 கணக்குச் சரி. அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்ணாக எழுதிக் கொடுத்தபோது 37. அதில் ஒரு பையன் தேங்காய் விற்கிறவன். ஒரு காய் 35 குருசேரோ (அன்றைய பிரேசில் பணம்), பத்துக் காய் எவ்வளவு என்று கேட்டதற்கு, மூன்று 105, இன்னும் மூன்று சேர்த்து 210, என்று அடுக்கிக்கொண்டே போய் 350 என்று முடித்தான். பத்தால் பெருக்க ஒரு சுழி சேர்க்கிற வழியில் அவன் போகவில்லை, ஆனால் விடை இருந்தது.

நம் ஊரில் எத்தனை பேர் வீட்டில் இந்தப் பையன் இருக்கிறான்! அப்பா தேங்காய் உரிக்கப் போகிற வீடு, அம்மா முதலமடையில் மாங்காய் தரம் பிரிக்கப் போகிற வீடு. என் வகுப்பில் ஒரு சிறுமி, தாளில் கூட்டலே வராது என்று முந்தைய வருடக் குறிப்பில் இருந்தவள், "டீச்சரே, எங்கப்பா ரெண்டு கையிலயும் ரெவ்வெண்டா எடுத்துப் போடுவாரு, நாலு, எட்டு, பன்னெண்டு" என்று நாற்பத்தெட்டு வரை நிற்காமல் போனாள். அவள் ஒன்றாம் வகுப்பிலிருந்து வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அந்தக் குறிப்பை எழுதியவரும் நல்ல ஆசிரியர்தான். கேட்க அவருக்கு நேரம் கொடுக்கப்படவில்லை.

மேனுவலில் என்ன எழுதுவது என்றுதானே கேட்டாய். இப்படி எழுது: "20 வரை பொருள்களை எண்ணச் செய்து ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியாகக் கேட்டல். பத்தாகக் கட்டுதல். சமன் செய்தல். பதிவு: ஆசிரியரின் குறிப்பேடு." பிள்ளைக்கு நோட்டு இல்லை, உனக்கு உண்டு. ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். என்ன சொல்லில் எண்ணினாள், எங்கே நின்றாள், வீட்டில் என்ன பேசுகிறார்கள், மூன்றும் போதும். யாராவது வந்து கேட்டால் அந்த நோட்டைக் காட்டு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. அம்மா புளி தட்டி வைத்திருக்கிறார், கொட்டை அரைச் சாக்கு இருக்கும். ஈர்க்குச்சியை மட்டும் நீயே கொண்டுவா, உட்கார்ந்து உடைத்து எண்ணிவிடலாம்.