பாதியாகச் சுருக்கும் என்றானே, அவனைக் கூட்டி வாருங்கள்

அக்கா மகன் போன வாரம் எங்கிருந்தோ ஒரு பழைய 286 கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். 40 மெகாபைட் ஹார்ட் டிஸ்க், ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பி டிரைவ், பச்சை எழுத்துத் திரை. இத்தனை வருஷம் கழித்தும் ஓடுகிறதாம். சந்தோஷம், வைத்துக்கொண்டு விளையாடட்டும். ஆனால் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டான் பாருங்கள்: "மாமா, இதுல இருக்கறதெல்லாம் பேக்கப் எடுக்கணும். நல்லா கம்ப்ரெஸ் பண்ற சாஃப்ட்வேர் எது?"

நல்லா கம்ப்ரெஸ் பண்ற சாஃப்ட்வேர்! காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். இதே கேள்வியை 1992-இல் நானே நாலு பேரிடம் போய்க் கேட்டிருக்கிறேன். "பாதியாகச் சுருக்கும், வாங்கு" என்று அந்த நாலு பேரும் சொன்ன பதிலுக்கு இன்றைக்கும் எனக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

அப்போது ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கம்ப்யூட்டர் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் மண்டியில் கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று வேலை பார்த்தவனுக்குத்தான் தெரியும். கீபோர்டு மஞ்சள், மானிட்டர் மஞ்சள், ஃப்ளாப்பி டிரைவின் வாய் மஞ்சள். உள்ளே ஹெட்டைப் பஞ்சால் துடைத்தால் பஞ்சும் மஞ்சள். இதற்கு நடுவில் டிபேஸ் என்ற தகவல் மென்பொருளில் விவசாயி கணக்கு, வியாபாரி கணக்கு, எடை, கமிஷன், பாக்கி. ஹார்ட் டிஸ்க் போனால் மண்டியே போச்சு. அதனால் பேக்கப்.

சரி, கணக்கைப் பாருங்கள். 1983-இல் ஐபிஎம் எக்ஸ்டி வந்தபோது அதில் இருந்தது 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க். அடுத்த வருஷம் ஏடி வந்தது, 20 மெகாபைட். அதோடு 1.2 மெகாபைட் ஃப்ளாப்பியும் வந்தது. அப்புறம் ஹார்ட் டிஸ்க் 40, 80 என்று ஏறிக்கொண்டே போனது. ஃப்ளாப்பி? அப்படியே உட்கார்ந்துகொண்டது. மூன்றரை அங்குலம் வந்தும் 1.44-தான். ஆக 40 மெகாபைட்டை அப்படியே இறக்க 1.2 ஃப்ளாப்பி 34 வேண்டும். பழைய 360 கிலோபைட் ஃப்ளாப்பி என்றால் 114. நூற்றுப் பதினாலு தடவை செருகி, எடுத்து, லேபிள் ஒட்டி, வரிசையாக அடுக்கி... மனுஷன் செய்கிற வேலையா அது?

மெஷினை ஓட்டுகிற டாஸுக்குள்ளேயே பேக்கப் என்று ஒரு கட்டளை இருந்தது, 2.0 பதிப்பிலிருந்தே உண்டு. சுருக்குவது என்ற பேச்சே அதில் கிடையாது. அதுகூடப் பரவாயில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் எட்டு மாசமாக வாராவாரம் தவறாமல் அந்தக் கட்டளையில்தான் பேக்கப் எடுத்திருந்தார். ஒரே ஒரு ஃப்ளாப்பியில் முடிந்துவிடும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வந்து பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது கமாண்ட்.காம், ஆட்டோஎக்ஸெக், கான்ஃபிக் என்று டாஸ் கிளம்பத் தேவையான ஃபைல்கள். அவ்வளவுதான்! கடைசியில் ஸ்லாஷ் எஸ் போடாவிட்டால் உள் டைரக்டரி (இன்றைய ஃபோல்டர்) எதையும் அது தொடாது. சொல்லவும் சொல்லாது. மண்டியின் மொத்தக் கணக்கும் உள் டைரக்டரியில் இருந்தது. எட்டு மாசம் அந்த மனுஷர் வெறும் டாஸைப் பத்திரப்படுத்தியிருக்கிறார்.

அதனால்தான் கடையில் விற்கும் மென்பொருளைத் தேடிப் போனேன். அட்டைப் பெட்டியெல்லாம் பளபளவென்று இருக்கும். எல்லாவற்றிலும் இரண்டே வாக்குறுதிதான்: எத்தனை நிமிஷத்தில் முடியும், எத்தனை மடங்கு சுருக்கும். "இரண்டுக்கு ஒன்று" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். திரும்ப எடுக்க எத்தனை நேரம் ஆகும், நடுவில் ஒரு ஃப்ளாப்பி கெட்டால் என்ன கதி, இதை எந்தப் பெட்டியாவது சொல்லியதா? ஒன்றுகூட இல்லை. திருமண மண்டபக்காரன் பந்தி, மேடை, லைட்டு எல்லாம் காட்டிவிட்டுக் கக்கூஸை மட்டும் காட்ட மாட்டான் பாருங்கள், அந்த மாதிரி.

அந்த இரண்டுக்கு ஒன்று இருக்கிறதே, அது யாருடைய டிஸ்க்கில் அளந்தது? எதைப் போடுகிறோமோ அதைப் பொறுத்துத்தான் சுருங்கும். டிபேஸ் ஃபைல் நன்றாகச் சுருங்கும், ஏனென்றால் அதில் பாதிக்கு மேல் வெற்றிடம். பெயருக்கு முப்பது எழுத்து ஒதுக்கி, ராமசாமி என்று ஆங்கிலத்தில் எட்டெழுத்து அடித்தால் மீதி இருபத்திரண்டும் வெறும் ஸ்பேஸ். அதெல்லாம் அஞ்சில் ஒரு பங்காகக்கூட ஒடுங்கிவிடும். ஆனால் புரோகிராம் ஃபைல்கள்? மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே பெரிது. ஏற்கெனவே ஸிப் போட்டு வைத்தவை? பிழிந்த கரும்பை மறுபடி ஆலையில் விட்டால் என்ன வரும், அதுதான் வரும்.

என் டிஸ்க்கில் நிறைந்திருந்தது 31 மெகாபைட். சுருக்காமல் எடுத்தால் 26 ஃப்ளாப்பி. நான் வாங்கிய மென்பொருள் (பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் இன்னும் ரத்தக் கொதிப்பு ஏறும்) திரையில் அழகாக மதிப்பீடு காட்டியது: 13. நான் ஜாக்கிரதைக்காரன், இரண்டு கூடவே வைத்துக்கொண்டு பதினைந்தோடு உட்கார்ந்தேன். சனிக்கிழமை ராத்திரி. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பதிமூன்றைச் செருகினேன். முடிந்தது என்று சொல்லும் என்று பார்த்தால், பதினாலைச் செருகு என்கிறது. பதினைந்து. பதினாறு. எங்கே போவேன் பதினாறுக்கு? கடை சாத்தியாகிவிட்டது. கடைசியில் முதலாளி மகன் கேம் வைத்திருந்த ஃப்ளாப்பிகளைப் பிடுங்கி அதில் எழுதினேன். பத்தொன்பதில் முடிந்தது. அந்தப் பையன் அதற்கப்புறம் எனக்கு முகம் கொடுத்தே பேசவில்லை.

இதில் நேரத்தை மிச்சப்படுத்தவா, இடத்தை மிச்சப்படுத்தவா என்று ஒரு கேள்வி வேறு கேட்கும். இடம் என்று சொன்னால் 286 முக்கி முனகி ஒவ்வொரு ஃபைலையும் பிசைந்துகொண்டிருக்கும். நேரம் என்று சொன்னால் சுருக்கியும் சுருக்காமலும் தள்ளிவிடும். எழுதியதைச் சரிபார்க்கவா என்று இன்னொரு கேள்வி. வேண்டும் என்றால் இன்னும் ஒரு மணி நேரம். கரண்டு எப்போது போகும் என்று தெரியாத ஊரில் யார் வேண்டும் என்பார்கள்? நான் வேண்டாம் என்று அடித்தேன். ஆமாம், அது என் தப்புதான். பிழை திருத்தம் சேர்க்கவா என்பது மூன்றாவது கேள்வி. சேர்த்தால் ஃப்ளாப்பியில் இடம் குறையும். சுருக்குவது என்றால் திரும்பத் திரும்ப வருகிற சங்கதியைத் தூக்கி எறிவது. பிழை திருத்தம் என்றால் ஒன்று போனாலும் இன்னொன்றிலிருந்து எடுத்துக்கொள்ள, திரும்பக் கொஞ்சத்தைச் சேர்த்து வைப்பது. ஒரு கையால் எடுத்து மறு கையால் போடுகிறான்! அதற்கும் வேண்டாம் என்று அடித்தேன். பத்தொன்பது இருபத்தொன்று ஆகிவிடுமே என்ற பயம்.

அடுத்த வருஷம் சித்திரை வெயிலில் ஹார்ட் டிஸ்க் செத்தது. ஆன் பண்ணினால் கடகடவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். புது டிஸ்க் போட்டாயிற்று. பத்தொன்பது ஃப்ளாப்பியையும் மேஜையில் பரப்பினேன். முதலாளி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். முதல் அடி: ரீஸ்டோர் பண்ணுகிற புரோகிராமே செத்த டிஸ்க்கில்தான் இருந்தது. அதன் மூல ஃப்ளாப்பியைக் கண்டுபிடிக்க ஒரு நாள். இரண்டாம் அடி: எந்த ஃபைல் எந்த ஃப்ளாப்பியில் என்று சொல்லும் அட்டவணையும் அந்தச் செத்த டிஸ்க்கில்தான். அட்டவணையை ஃப்ளாப்பியிலிருந்து மறுபடி பொறுக்கி எடுக்க அரை நாள். அப்புறம் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காகத்தான் போனது.

பதினோராவது ஃப்ளாப்பி.

டிரைவ் உறுமியது. நின்றது. மறுபடி உறுமியது. படிக்க முடியவில்லை, திரும்ப முயலவா? முயன்றேன். துடைத்து முயன்றேன். பக்கத்து மண்டி டிரைவில் போட்டு முயன்றேன். ம்ஹூம். இந்த எழவெடுத்த மென்பொருள் ஃப்ளாப்பியைத் தன் சொந்தப் பாணியில் எழுதியிருந்தது. ஃபைல் பட்டியல் கேட்டு டாஸில் டிர் அடித்தால் டாஸுக்கு ஒன்றும் புரியாது. கையில் கிடைத்த வேறு எந்தக் கருவியாலும் உள்ளே நுழைய முடியாது. வேகமாக எழுதுவதற்காக அப்படிச் செய்தார்களாம். என்ன பிரயோஜனம்?

சுருக்காத ஃபைலாக இருந்தால் கெட்ட செக்டர் (ஃப்ளாப்பியில் ஒரு சின்னத் துண்டு) ஒன்றுக்கு 512 பைட் போயிருக்கும். மூன்று நாலு விவசாயியின் வரி. அதைக் கையால் அடித்துக்கொள்ளலாம். சுருக்கியதில் அப்படி இல்லை. லெம்பல், ஸிவ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1977, 78-இல் சொன்னது, 1984-இல் வெல்ச் என்பவர் மெருகேற்றியது, எல்லாமே முன்னால் வந்ததை வைத்துப் பின்னால் வருவதைச் சொல்கிற வித்தை. "முன்னே பார்த்தாயே, அதே தொடர்தான்" என்று எழுதி இடத்தை மிச்சம் பிடிப்பது. அருமையான கணக்கு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முன்னே பார்த்ததே அழிந்துபோனால்? அந்த இடத்துக்கு அப்பால் இருப்பதெல்லாம் குப்பை. விவசாயி கணக்கு ஃபைல் சரியாகப் பதினொன்றில் ஆரம்பித்துப் பன்னிரண்டில் முடிந்திருந்தது. கேம் அழித்து எழுதினேனே பதினாறு முதல் பத்தொன்பது, அதெல்லாம் சுத்தமாக வந்தது! அதில் என்ன இருந்தது தெரியுமா? லோட்டஸ், வேர்ட்ஸ்டார் என்று கடையில் விற்கிற புரோகிராம்கள். ஒரிஜினல் ஃப்ளாப்பி அலமாரியில் இருந்தது (சரி, "ஒரிஜினல்").

முதலாளி எழுந்து உள்ளே போய்ச் சிவப்பு அட்டை பேரேட்டைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். "தம்பி, இது அப்படியே இருக்குதுங்களே" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த "ங்களே" இருக்கிறதே! ஐந்து வாரம் உட்கார்ந்து அடித்தேன்.

அதற்கப்புறமும் இந்தச் சுருக்கப் பைத்தியம் விட்டதா? 1993-இல் எம்எஸ்-டாஸ் 6 வந்தது, டபுள்ஸ்பேஸோடு. டிஸ்க்கையே இரண்டு மடங்காக்கிவிடும் என்றார்கள். இதே மாதிரி டிஸ்க்கைச் சுருக்கும் ஸ்டேக்கரை விற்ற ஸ்டாக் கம்பெனி காப்புரிமை வழக்குப் போட்டு, 1994-இல் மைக்ரோசாஃப்ட் 12 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று ஜூரி சொன்ன கதையெல்லாம் தனி. என் கேள்வி சின்னது. 40 மெகாபைட் டிஸ்க்கில் 80 மெகாபைட் அடைக்கிறீர்கள். பேக்கப் மென்பொருள் அதைப் பிரித்துப் படித்து மறுபடி தானே சுருக்கும். அந்த இரண்டுக்கு ஒன்று நிஜமாகவே கிடைத்தாலும் 34 ஃப்ளாப்பி. ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கிறோம்! டேப் வாங்கு என்றார் ஒருவர். பெட்டியில் 250 மெகாபைட் என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது 120. மீதி சுருக்கினால் வருமாம். பால்காரன் இதைச் செய்தால் தெருவில் நிறுத்திக் கேட்போம்.

கடைசியில் நான் செய்தது என்ன? அந்தப் பளபள பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டேன். புரோகிராம் எதையும் பேக்கப் எடுப்பதில்லை. தேடுவதற்கான இண்டெக்ஸ் ஃபைலும் இல்லை, அதை டிபேஸ் மறுபடி கட்டிக்கொள்ளும். கணக்கு இருக்கும் டிபிஎஃப் ஃபைல்கள் மட்டும், ஒன்பது மெகாபைட். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிகேஸிப் என்ற சுருக்கும் புரோகிராமில் போட்டால் இரண்டே ஃப்ளாப்பி. ஒரு ஃபைல் கெட்டால் அந்த ஒன்று மட்டும்தான் போகும். பிரிக்கிற புரோகிராம் 30 கிலோபைட்டுகூட இல்லை. அதைச் சுருக்காமல் அதே ஃப்ளாப்பியில் வைத்துவிடுவேன். வாரம் ஒரு ஜோடி, மூன்று ஜோடி மாற்றி மாற்றி, எழுதியதும் அங்கேயே சோதனை. ஒரு ஜோடி என் வீட்டில். பத்து நிமிஷ வேலை! இதை அந்த நாலு பேரில் ஒருவராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்ல மாட்டார்கள். பெட்டி விற்க வேண்டுமே.

அக்கா மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டான். அந்த 286-இல் அப்படி என்னதான் இருக்கிறது என்றேன். நாலு கேமும், யாரோ ஒருவருடைய சீட்டுக் கணக்கும் இருக்கிறதாம். சீட்டுக் கணக்கு டிபேஸா என்று கேட்டேன். தெரியாது என்றான். ஞாயிற்றுக்கிழமை மெஷினைக் கொண்டு வருகிறான். ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி வைத்திருக்கிறேன். ஹெட்டைத் துடைக்காமல் என் ஃப்ளாப்பி ஒன்றைக்கூட அதன் வாய்க்குள் விட மாட்டேன்.