மழைக்கணக்கைக் காட்டி வறட்சி இல்லன்னு சொல்லாதீங்க

ரெண்டு நாளா ஒரு பதிவோட ஸ்கிரீன்ஷாட்டை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கிட்டே இருக்கீங்க. "பொன்னேரி, மீஞ்சூர்ல சராசரிக்கு மேல மழை. அப்புறம் எதுக்கு வறட்சி நிவாரணம்?" சென்னைக்கு வடக்கே இருக்குற நம்ம நெல் விவசாயிகளைத்தான் சொல்றாங்க. கீழ சிரிப்பு ஸ்மைலி வேற. பேசாம கடந்து போயிடலாம்னு பாத்தேன், மனசு கேக்கல.

மழைமானியில ஏறுன தண்ணி வேற, பயிருக்குக் கிடைச்ச தண்ணி வேற.

ஒரு ஏக்கர்ல 1 மி.மீ. மழைன்னா சுமார் 4,000 லிட்டர். ஒரே நாள்ல 150 மி.மீ. கொட்டினா 6 லட்சம் லிட்டர். வரப்பு தாங்குறது 10 செ.மீ.ன்னு வெச்சுக்கிட்டா 4 லட்சம்தான் நிக்கும். மிச்சம் வடிஞ்சு கொசஸ்தலையாறு வழியா எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போயிடும். நின்ன தண்ணியையும் அப்படியே விட முடியாது. தூர் கட்டுற நேரத்துல ஆழமா தேங்கினா தூர் வெடிக்காது, அதனால விவசாயியே மண்வெட்டியால மடையை வெட்டி விடுவார். உங்க கணக்குல அந்த 150 மட்டும் பத்திரமா இருக்கும்.

அப்புறம் மூணு வாரம் வெயில். சரியா பயிர் பொதி கட்டுற, அதாவது தண்டுக்குள்ள கதிர் உருவாகுற நேரம். ஆவியாகுறதும் கீழ இறங்குறதும் சேர்த்து ஒரு நாளைக்கு 6, 7 மி.மீ. போகும். ரெண்டாவது வாரமே வயல் வெடிக்கும். அதுக்கப்புறம் டிசம்பர்ல புயல். நெல் பூ காலையில 9, 10 மணிக்குத் திறக்கும். அந்த நேரம் பாத்து மழை அடிச்சா மகரந்தம் சேராது. மொத்த மழை கூடும், நெல் குறையும். நம்பலன்னா பூத்து பத்து நாள் ஆன கதிரை எடுத்து ஒரு மணியை நகத்தால கிள்ளிப் பாருங்க. பால் வரணும். வராம உமி மட்டும் நசுங்குதுன்னா அது பதர். எந்த மழையும் அதுல இனிமே அரிசி வைக்காது.

2016 டிசம்பர் 12 வர்தா புயல் நம்ம தலைமேலயே போச்சே, மறந்துட்டீங்களா? ஒரே மாசத்துல, 2017 ஜனவரியில, தமிழ்நாட்டுல எல்லா மாவட்டமும் வறட்சி பாதிச்சதுன்னு அரசாங்கமே அறிவிச்சது. புயல் மழையும் வறட்சியும் ஒரே பருவத்துல வரும்.

"போர்வெல் இருக்குல்ல, இன்னும் ஆழமா போடச் சொல்லுங்க"ன்னு ஒருத்தர். மீஞ்சூருக்குக் கிழக்கே வந்து சொல்லுங்க ஐயா. கடலோரம், நிலத்துக்கு அடியில நல்ல தண்ணி உப்புத் தண்ணி மேல மிதந்துக்கிட்டு இருக்கு. நிலத்தடி நீர் கடல் மட்டத்துக்கு மேல ஒரு மீட்டர் இருந்தா, கீழ சுமார் 40 மீட்டர் வரைக்கும் நல்ல தண்ணி நிக்கும். மேல ஒரு மீட்டர் இறங்கினா கீழேயிருந்து உப்பு 40 மீட்டர் ஏறும். மழை வர நாளாச்சுன்னா மோட்டார் அதிகம் ஓடும், உப்பு இன்னும் மேல வரும். காட்டூர் பக்கம் ஒரு அண்ணன் கடன் வாங்கி போரை ஆழப்படுத்தினார். முதல் வாரம் தண்ணி நல்லாத்தான் வந்தது. மூணாவது வாரம் இலை நுனி கருகிச்சு, வரப்போரம் உப்பு வெள்ளையா பூத்தது. பாசனத் தண்ணியோட இசி (உப்பு எவ்வளவுன்னு காட்டுற மின்கடத்துத்திறன் அளவு) 2-ஐத் தாண்டினாலே நெல்லு விளைச்சல் இறங்க ஆரம்பிக்கும். அவர் போரு எப்பவோ தாண்டிடுச்சு. நான் இசி மீட்டரைக் காட்டினப்போ அவர் அதைப் பாக்கவே இல்ல, ஒரு சொட்டு நாக்குல வெச்சுத் துப்பினார்.

சொட்டுநீர் போடலாமேன்னு கேக்குறவங்களுக்கு: உப்புத் தண்ணி விட்டா சொட்டுவான் (குழாய்ல தண்ணி சொட்டுற துளை) அடைக்கும், ஈரம் முடியுற ஓரத்துல உப்பு சேரும், அதைக் கழுவி விட நல்ல தண்ணிதான் வேணும். மாத்துப் பயிர் யோசனை நியாயம்தான். ஆனா ஏரிப் பாசனக் களிமண்ல அக்டோபர் மழைக்கு வேர்க்கடலை அழுகிடும்.

"விவசாயிங்கதானே லாரிக்குத் தண்ணி வித்தாங்க?" இதைத்தான் என்னால தாங்க முடியல. வித்தவங்க இருக்காங்க, இல்லன்னு சொல்லல. வாங்குனது யாரு? பல பத்து வருஷமா மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணறுகள்ல இருந்து நிலத்தடி நீரை உறிஞ்சுனது இந்த நகரம்தான். கடல் தண்ணி நிலத்துக்கு அடியில உள்ள வந்ததுக்கு அது பெரிய காரணம். 2015-ல மூழ்குன சென்னை 2019-ல குடத்தோட தெருவுல நின்னுச்சு. ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சு. அப்போ வண்ணாரப்பேட்டையிலயும் தண்டையார்பேட்டையிலயும் வரிசையில நின்ன அம்மாக்கள்கிட்ட, "சராசரி எடுத்துப் பாருங்க, மழை போதும்"னு யாராவது சொன்னோமா? சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களா? விவசாயிகிட்ட மட்டும் ஏன் அப்படிச் சொல்றோம்?

அந்தப் பதிவு போட்டவர் எனக்குத் தெரிஞ்சவர்தான், இன்னும் அழிக்கல. இந்த வாரம் நம்ம பக்கம் அறுவடை மிஷின் இறங்கியிருக்கு. மணிக்கணக்குல வாடகை, பதரா இருந்தாலும் அதே காசு. காட்டூர் அண்ணன் மிஷின் கூப்பிடல. நேத்து காலையில மாட்டை அவுத்து வயல்ல விட்டுட்டார்.